எல்லையில் பிடிபட்ட உடக்குகள்

சுதந்திரம் கிடைத்த கையோடு கொழும்பிலிருந்த பெரியவர்கள் நாட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்கள். அதைச் சுற்றிலும் கடல் இருப்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிய வந்தது. வெள்ளைக்காரன் இருந்தவரைக்கும் அது அவனுடைய கடல், யாரும் கவலைப்படவில்லை. இப்போது நம்முடையதாகிவிட்டபடியால் அதற்குப் பூட்டுப் போட வேண்டியிருந்தது. அரிசி ஏன் போதவில்லை, வேலை ஏன் கிடைக்கவில்லை என்று சனங்கள் வேறு கேட்கத் தொடங்கியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் கடலால் வந்து ஏறுகிறவர்கள்தான் என்று ஒரு குழு ஆராய்ந்து சொன்னது. குழுவில் இருந்த எவரும் அந்தக் கடலைப் பார்த்ததில்லை.

அப்படிப் பிறந்ததுதான் எல்லைத் தூய்மைத் திணைக்களம். பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் நடுவே, பனையும் மணலும் தவிர வேறொன்றும் இல்லாத கரையில் அதன் முகாம் எழுந்தது. தகரக் கொட்டில் ஒன்று, கொடிக்கம்பம் ஒன்று, ஒரு அலுமாரி, ஒரு சுழல் கதிரை, அந்தக் கதிரையில் ஆணையாளர் கதிர்காமு. கதிர்காமு கொழும்பில் பெயர் போன அதிகாரி. சப்பாத்தோடுதான் மணலில் நடப்பார். பின்னேரம் அதைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டுவதே அவருடைய நாளில் பாரமான வேலை.

முகாம் திறந்து மாதங்கள் போயின. ஒருவரும் பிடிபடவில்லை. மன்னார்க் கழுதைகள் மட்டும் எந்தக் கடவுச்சீட்டும் இல்லாமல் ஆணையாளரின் கந்தோருக்கு முன்னால் போய் வந்தன. எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்று கொழும்பிலிருந்து தந்தி வரும். ஒருவருமில்லை என்று இங்கிருந்து தந்தி போகும். ஒருவரும் வராவிட்டால் இவ்வளவு செலவழித்து எல்லை எதற்கு என்று கடைசியாக வந்த தந்தி கேட்டது. நியாயமான கேள்விதான். அதற்குப் பிறகு கதிர்காமு தூரக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டியபடியே சாப்பிட ஆரம்பித்தார்.

பேசாலையில் வலைத்தொழில் செய்த பஸ்ரியனுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தாலும் தனக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைத்திருக்க மாட்டான். அந்தத் தவக்காலத்தில் அவனுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான்: ஆண்டவருடைய முகம்.

பேசாலையில் பெரிய வெள்ளிக்கு ஆண்டவரின் பாடுகளை நாடகமாகக் காட்டும்போது முக்கியமானவர்களாக மனிதர் வருவதில்லை. உடக்குகள் வரும். உடக்கு என்றால் ஆளுயர உருவம். முகமும் கையும் மரம், உடம்பு சட்டமும் வைக்கோலும், மேலே அங்கி. பின்னால் மறைந்து நின்று ஆட்கள் அசைப்பார்கள். அந்த வருடம் ஆண்டவர், பேதுரு, யூதாசு, பிலாத்து, இரண்டு சேவகர் ஆகிய ஆறு உடக்குகளின் முகம் வெளிறிப் போயிருந்தது. அக்கரையில் தங்கச்சிமடத்தில் இருந்த ஒரு சாயக்காரரிடம்தான் ஊர் எப்போதும் முகம் எழுதக் கொடுக்கும். ஏற்றி இறக்குவது பஸ்ரியனின் பொறுப்பு. பெரிய வெள்ளிக்கு முன்னம் ஆண்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பேன் என்று கோயில் வாசலில் எல்லாருக்கும் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவன் வள்ளத்தைத் தள்ளினான்.

அந்தச் சாயத்துக்கு ஒரு குணம் உண்டு. எண்ணெய் கலந்தது, உப்புக் காற்றில் லேசில் காயாது. காயாத முகத்தைப் படுக்க வைத்தால் மூக்கும் கன்னமும் ஒன்றாகிவிடும். அதனால் திரும்பி வரும்போது உடக்குகளை வள்ளத்தின் குறுக்குப் பலகைகளில் வரிசையாக இருத்தி, இடுப்பில் கயிறு கட்டி, குச்சி கொடுத்துத் தலைக்கு மேலே வெள்ளைத் துணியை முகத்தில் படாமல் கூடாரமாக விடுவார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் பனிக்குப் பயந்து முக்காடு போட்ட ஆட்கள் மாதிரித்தான் தெரியும். அதுவரைக்கும் அப்படி நின்று பார்க்க அந்தக் கரையில் ஆள் இருந்ததில்லை.

அன்று சூரியன் எழும்பும் நேரம் கதிர்காமு தூரக்கண்ணாடியில் கண்ணை வைத்தார். வள்ளத்தில் ஆறு முக்காடுகள். பேச்சில்லை, அசைவில்லை, குற்றவாளிகளுக்கே உரிய அடக்கம். வள்ளம் தரை தட்டுவதற்கு முன்னமே தந்தியோடு ஒருவன் சைக்கிளில் தலைமன்னாருக்குப் பறந்துவிட்டான். களவாக வந்த ஆறு பேர் கையும் களவுமாகப் பிடிபட்டார்கள் என்பது செய்தி.

பிறகுதான் காவலாளிகள் வள்ளத்தைச் சுற்றி வளைத்தார்கள். கையை உயர்த்தச் சொன்னபோது பஸ்ரியன் மட்டும் உயர்த்தினான். மற்ற ஆறு பேரும் அரசாங்கத்தை மதிக்கவில்லை. எருக்கலம்பிட்டிக்காரரான காவலாளி சாஹுல் ஹமீட் கிட்டப் போய் ஒரு முக்காட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஐயா, இது பேசாலைக் கோயில் உடக்கு. வருசா வருசம் நாங்களும் போய்ப் பார்க்கிறனாங்கள்."

கதிர்காமுவுக்கு வேர்த்தது. அடுத்த தந்தியை எழுதக் கடதாசியை எடுத்தார். எழுதி முடிப்பதற்குள் கொழும்பிலிருந்து பாராட்டுத் தந்தி வந்துவிட்டது. அன்றைக்கே மந்திரி பாராளுமன்றத்தில் எழுந்து, எல்லையில் ஆறு பேர் பிடிபட்ட வெற்றியை அறிவித்தார். மேசைகள் தட்டப்பட்டன. நாட்டில் அரிசித் தட்டுப்பாடு எந்நேரமும் நீங்கிவிடும் என்ற நம்பிக்கை எங்கும் பரவியது.

உள்ளூர்க்காரன் என்று விடப்பட்ட பஸ்ரியன், உடக்குகளைத் தாருங்கள் என்று முகாம் வாசலில் போய் நின்றான். கதிர்காமு கெட்ட மனிதரல்ல. அவனை உள்ளே கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

"பஸ்ரியன், நீர் சொல்லுறது எனக்கு விளங்குது. இது மரம்தான்; நானும் தட்டிப் பார்த்தனான். ஆனால் எங்கட பாராளுமன்றம் இப்பதான் பிறந்த குழந்தை. எல்லையைப் பற்றி முதல் முதல் வாய் திறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கு. அதைப் பொய்யாக்கலாமோ? மரம் ஆளாகிறதால ஒருத்தருக்கும் நட்டமில்லை. பாராளுமன்றம் பொய் சொன்னால் நாடு என்னத்துக்கு ஆகும்?"

பஸ்ரியன், விசாரணை முடிந்தால் விட்டுவிடுவீர்களா என்று மட்டும் கேட்டான். விசாரணை நீதியாக நடக்கும் என்றார் கதிர்காமு. இப்படிக் கேட்டதற்கு ஒரு அதிகாரி இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்பது அவனுக்கு அன்றைக்குத் தெரிந்திருக்கவில்லை.

விசாரணை மறுநாளே தொடங்கியது. ஆறு பேரையும் கொட்டிலில் வரிசையாக நிறுத்தி, பெயர் என்ன, எந்த நாடு, தகப்பன் பிறந்த இடம் எது என்று கேட்டார்கள். புதுச் சட்டப்படி இந்த நாட்டில் ஒருவன் யார் என்பதை அவன் தகப்பன் பிறந்த இடம்தான் தீர்மானிக்கும். உடக்குகள் பேசவில்லை. பேச மறுப்பது பெரிய குற்றம் என்று கதிர்காமு எச்சரித்ததும், அவர்கள் மேல் இன்னொரு குற்றம் ஏறக்கூடாதே என்று பஸ்ரியன் தானாக முன்வந்து எல்லாருக்குமாகப் பதில் சொன்னான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் அவன் விட்ட பெரிய பிழை. இவர் பேதுரு, கலிலேயாப் பக்கம், எங்களைப் போல வலைத்தொழில். இவர் யூதாசு, நல்லவரில்லை. இவை இரண்டு பேரும் ரோமைச் சேவகர். ஒருவருமே உள்ளூரில்லை என்று கதிர்காமு திருப்தியோடு தலையாட்டினார்.

ஆண்டவருக்கு வந்தபோது பஸ்ரியன் கொஞ்சம் தடுமாறினான். வளர்த்த தகப்பன் தச்சுத் தொழிலாளி, நாசரேத்தில் இருந்தவர் என்றான். வளர்த்தவர் சட்டத்துக்கு உதவாது, பெற்ற தகப்பன் பிறந்த இடத்தைச் சொல்லும் என்றார் கதிர்காமு. அவர் பிறக்கவில்லை, எப்போதும் இருக்கிறவர், மேலே இருக்கிறார் என்றான் பஸ்ரியன். மேலே என்றால் எந்த மாவட்டம் என்று கதிர்காமு கேட்டார். பஸ்ரியன் விரலால் கூரையைக் காட்டினான். கடைசியில், தகப்பன் பிறந்த இடத்தை நிரூபிக்க முடியாதவர் என்று தீர்ப்பாயிற்று. மற்றவர்கள் இவரை என்ன முறையில் தெரிந்தவர்கள் என்ற கேள்விக்கு, எல்லாரும் இவருக்குப் பின்னால் போனவர்கள் என்று பஸ்ரியன் உண்மையைச் சொல்லிவைத்தான். கும்பலின் தலைவன் யார் என்பதும் அதோடு வெளிச்சமாயிற்று.

பிலாத்துவின் விசயம் மட்டும் வேறு மாதிரிப் போனது. இவர் ரோமை அரசாங்கத்தின் ஆளுநர் என்று கேட்டதும் கதிர்காமு பதறி எழுந்தார். ஒரு அதிகாரியை இவ்வளவு நேரம் நிற்க வைத்துவிட்டோமே என்று சாஹுல் ஹமீட்டுக்கு ஏச்சு விழுந்தது. உடனே ஒரு கதிரை வந்தது. அன்றிலிருந்து பிலாத்து கந்தோருக்குள்ளேயே ஆணையாளருக்குப் பக்கத்தில் இருந்தார். கதிர்காமு மத்தியானம் கண்ணயரும் நேரத்தில் வருகிறவர்களைப் பிலாத்துவே பார்த்துக்கொண்டார். வந்தவர்கள் வழக்கம் போலவே மறுமொழி கிடைக்காமல் திரும்பிப் போனார்கள். வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள்.

பிறகு டொக்டர் தோமஸ் வந்தார். வெளியாட்கள் நோய் கொண்டுவருவார்கள் என்பதால் பிடிபட்டவர்களுக்கு அம்மை குத்த வேண்டும் என்பது விதி. பேதுருவின் புயத்தில் ஊசி வளைந்தது. யூதாசின் புயத்தில் முறிந்தது. டொக்டர் படித்த மனிதர், வேலை நிரந்தரமாகாத மனிதரும்கூட. ஆறு பேரும் இரும்பான தேகம், வலிக்கு அசையாதவர்கள் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு ஊசிப் பெட்டியை மூடினார். கைதிகளுக்கென்று கொழும்பிலிருந்து அரிசியும் பருப்பும் கருவாடும் வந்து இறங்கின. பேசாலைக்குக் கொழும்பிலிருந்து கருவாடு வந்தது அதுதான் முதல் தடவை. காவலாளிகளுக்குத் தொந்தி வைத்தது.

குருத்து ஞாயிறும் வந்து போயிற்று. பங்குச் சாமியார் இரண்டு தரம் முகாமுக்குப் போய்த் தலையில் கைவைத்துக்கொண்டு திரும்பினார். ஆண்டவர் எங்கே என்று ஊர் பஸ்ரியனைக் கேட்டது. கடலுக்குப் போக மனம் வராமல் அவன் வாசலிலேயே இருந்தான். அவன் மனைவி மாக்கிறட் சோறு வைத்தால் சோறு அப்படியே கிடந்தது.

அந்தக் கிழமைதான் கொழும்பிலிருந்து மந்திரியின் காரியதரிசி வந்தார். பந்தல் போட்டு, மாலை போட்டு, ஊரைக் கூட்டி, ஆறு கைதிகளையும் மேடையில் நிறுத்தினார்கள். காரியதரிசி கிட்டப் போய்ப் பார்த்தார். மரம் என்பது குருடனுக்கும் தெரியும். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆங்கிலத்தில் பேசினார், கதிர்காமு தமிழாக்கினார்.

"இந்த ஆறு பேரையும் பாருங்கள். பிடிபட்ட நாளிலிருந்து ஒருவர் பசிக்குது என்று சொல்லவில்லை. வேலை தா என்று கேட்கவில்லை. வாக்குரிமை கேட்கவில்லை. வைத்த இடத்தில் நிற்கிறார்கள். இவர்கள் அன்னியர். ஆனாலும் சொல்லுகிறேன், எங்கள் பிரசைகளும் இவர்களைப் போல இருந்தால் இந்த அரசாங்கத்துக்கு ஒரு குறையும் வராது."

பந்தலில் கைதட்டல் எழுந்தது. தட்டியவர்கள் காவலாளிகள்.

பேச்சு முடிந்ததும் முடிவும் வந்தது. கும்பலின் தலைவனை வியாழக்கிழமை தலைமன்னார் பியர் இறங்குதுறையிலிருந்து கப்பலேற்றி நாடு கடத்த வேண்டும். பத்திரிகைக்காரர் வந்து படம் எடுப்பார்கள். மந்திரிக்கு ஒரு படம் போதும் என்பதால் மற்ற ஐந்து பேரையும் ஊரின் பொறுப்பில் விட்டுவிடலாம். பஸ்ரியனின் காதில் விழுந்தது ஒன்றுதான்: ஆண்டவர் போகப் போகிறார், அதுவும் பெரிய வெள்ளிக்கு முதல் நாள்.

ஆனால் கப்பல்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. மரமென்றால் பொதியாகத்தான் ஏற்றுவோம், ஆளாக ஏற்ற வேண்டுமென்றால் அது பலகையில் நடந்து ஏற வேண்டும் என்றார்கள். பொதியைப் படம் பிடித்து என்ன செய்வது? அன்று பின்னேரம் கதிர்காமு பஸ்ரியனைத் தேடி அவன் வீட்டுக்கே வந்தார். ஒரு அதிகாரி தானாக வீடு தேடி வருவது நல்லதுக்கல்ல என்று மாக்கிறட்டுக்கு அப்போதே தோன்றியது.

"ஒரு ஆள் ஏறிப் போய் அடுத்த கப்பலில திரும்பி வந்தால் காரியம் முடிஞ்சுது" என்றார் கதிர்காமு. "ஆண்டவரை இப்பவே கோயிலுக்குக் கொண்டு போகலாம். உமக்கும் அவற்ற உயரம்தான் இருக்கு. முக்காடு போட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. நான் வாக்குத் தாறன்."

பஸ்ரியனின் முகம் பல நாளைக்குப் பிறகு தெளிந்தது. போகிறேன் என்றான். அதிகாரி போன பிறகு மாக்கிறட் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"இஞ்சேருங்கோ, மரத்தை ஆள் எண்டு சொன்னவை. ஆளை நாளைக்கு என்னெண்டு சொல்லுவினமோ தெரியாது. போகாதேங்கோ."

"வாக்குக் குடுத்தவர் மாக்கிறட். அரசாங்க உத்தியோகத்தர்."

அவள் அவன் மாற்றி உடுக்கிற சாரத்தை மடித்துக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை வெள்ளைத் துணியால் முக்காடிட்டு, இரண்டு பக்கமும் காவலாளிகள் நடக்க, பஸ்ரியன் கப்பலேறினான். படம் எடுத்தார்கள். சாஹுல் ஹமீட் மட்டும் அவன் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கரையில் தனுஷ்கோடியில் இறங்கிய பஸ்ரியன், அடுத்த கப்பலில் திரும்பப் போக வேண்டும் என்று கேட்டான். அங்கிருந்த அதிகாரி ஒரு கடதாசியைப் பார்த்துவிட்டு, நீ இந்த நாட்டவன் என்று உன் அரசாங்கமே முத்திரை குத்தியிருக்கிறது, ஒரு அரசாங்கம் பொய் சொல்லுமா என்று கேட்டார். கடல் நடுவில் கோடு எங்கே இருக்கிறதோ தெரியாது. ஆனால் அதன் இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி மனிதர்களைத்தான் கதிரையில் இருத்தியிருக்கிறார்கள்.

பெரிய வெள்ளி அன்று பஸ்ரியன் தங்கச்சிமடத்தில் சாயக்காரரின் கொட்டிலில் இருந்தான். இந்நேரம் பேசாலையில் ஆண்டவர் சிலுவை சுமப்பார், சனங்கள் அழுவார்கள், தன் இடம் காலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இருந்தான். பிறந்ததிலிருந்து அவன் பார்க்காமல் விட்ட பாடுகள் அது ஒன்றுதான். கதிர்காமுவின் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. மாக்கிறட் சொன்னாள், கேட்கவில்லை.

பாஸ்காத் திருநாளும் முடிந்து, தெரிந்த மீனவன் ஒருவன் விடியற்காலையில் அவனைப் பேசாலைக் கரையோரம் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனான். பனிக்கு முக்காடு போட்டபடி முழங்காலளவு தண்ணீரில் நடந்து வந்தவனைக் காவலாளிகள் பிடித்தார்கள். கரையில் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்த மாக்கிறட் கையில் இருந்த ஓலைக் கடகத்தைப் போட்டுவிட்டு முகாமுக்கு ஓடினாள். அவன் போன நாளிலிருந்து அவள் கருவாடு காய வைத்ததெல்லாம் முகாமுக்கு நேரே இருந்த அந்த மணலில்தான்.

கதிர்காமு இந்த முறை தந்தி அடிக்கவில்லை. அடிக்க முடியாது. தலைவனை நாடு கடத்திய பிறகு எல்லை முழுவதும் பூட்டப்பட்டுவிட்டது, இனி ஒரு மனிதப் பிறவியும் உள்ளே வராது என்று அவர் அறிக்கை கொடுத்து, கொழும்புக்குப் பதவி உயர்வும் வாங்கியிருந்தார். சுழல் கதிரையில் அப்போதே பிலாத்துதான் இருந்தார். ஊர் கேட்டும் அவரைத் திருப்பிக் கொடுக்கவில்லை, புதிய ஆணையாளர் வரும்வரைக்கும் தேவைப்படுவார் என்று மறித்துவிட்டார்கள். கதிர்காமு பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் வந்தனீர்?" என்று கேட்டார். குரலில் அழுகை இருந்தது.

"என்ர ஊர் ஐயா. அடுத்த கப்பலில வரச்சொல்லி நீங்கள்தான் சொன்னனீங்கள்."

"உம்மைப் பிடிச்சதெண்டு எழுதினால் எல்லை பூட்டேல்ல எண்டாகும். விட்டால் நாடு கடத்தின அன்னியனை விட்டதாகும். ஒரு ஆள் உள்ளுக்கு வரவே இல்லை எண்டு நான் சொல்லிப்போட்டன். தம்பி, வந்த வழியே கடலுக்குள்ள போயிடும்."

வந்த வள்ளம் போய்விட்டது என்றான் பஸ்ரியன். அதற்குத் தான் என்ன செய்ய முடியும் என்று கதிர்காமு கேட்டார். அவனைத் தண்ணீருக்குள் இறக்கிவிடுமாறு காவலாளிகளுக்குச் சொல்லியும் விட்டார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்போதுதான் மாக்கிறட் வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. புருசனைப் பார்த்தாள், பிலாத்துவைப் பார்த்தாள், பிறகு ஆணையாளரைப் பார்த்தாள்.

"ஐயா, ஒரு ஆளும் உள்ளுக்கு வரேல்லைத்தானே. இது ஆள் இல்லை. உடக்கு."

கதிர்காமு பெட்டியிலிருந்து கையை எடுத்தார்.

"முகம் எழுதக் குடுத்திருந்தனாங்கள். இப்பதான் வந்திருக்கு. பசி கேளாது, வேலை கேளாது, வாக்குக் கேளாது. வைச்ச இடத்தில நிக்கும். அந்தப் பெரியவர் சொன்ன மாதிரிப் பிரசை ஐயா." அவள் பஸ்ரியனின் பக்கம் திரும்பவில்லை. "வாயைத் திறக்காது."

பஸ்ரியன் வாயை மூடினான். கதிர்காமுவின் முகத்தில் மெல்ல மெல்ல இரத்தம் திரும்பி வந்தது. கிட்டே வந்து அவன் நெற்றியில் விரலால் தட்டிப் பார்த்தார். நல்ல மரம் என்றார். மரம் நாட்டுக்குள் வருவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. டொக்டரைக் கூப்பிடுங்கள் என்றார்.

டொக்டர் தோமஸ் ஊசிப் பெட்டியோடு வந்தார். கதிர்காமு ஊசி வளையுமா என்று பார்க்கச் சொன்னார். பஸ்ரியன் சுவரோடு நேராக நின்றான். கண் இமைக்காமல் பிலாத்துவின் முகத்தையே பார்த்தான். அந்த முகத்தைக் கடல் தாண்டிக் காப்பாற்றிக் கொண்டுவந்தவன் அவன்தான். டொக்டர் புயத்தைப் பிடித்தபோது அந்தப் புயம் சூடாக இருந்தது. அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு ஊசியை இறக்கினார். பஸ்ரியன் அசையவில்லை. ஊசி வளையவில்லை. எடுத்த இடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு எழும்பி, உருண்டு, முழங்கை வரைக்கும் வழிந்தது.

சாஹுல் ஹமீட் கண்ணை மூடிக்கொண்டார். மாக்கிறட் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். டொக்டர் அந்தச் சிவப்பைப் பார்த்தார், ஆணையாளரைப் பார்த்தார், பஞ்சால் ஒருமுறை துடைத்துவிட்டுச் சொன்னார்.

"சாயம் இன்னும் காயேல்ல."

"அப்ப படுக்க வைக்காமல் கொண்டு போங்கோ" என்றார் கதிர்காமு. அந்தக் குரலில் உண்மையான அக்கறை இருந்தது.

சாஹுல் ஹமீட்டும் இன்னொருவரும் பஸ்ரியனைக் கதிரையில் இருத்தி, இடுப்பில் கயிறு கட்டி, ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினார்கள். கொடிக்கம்பத்தைத் தாண்டும் வரைக்கும் அசையக் கூடாது என்று சாஹுல் ஹமீட் அவன் காதுக்குள் சொன்னார். மாக்கிறட் பக்கத்தில் நடந்து, வெள்ளைத் துணியை அவன் தலைக்கு மேலே முகத்தில் படாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். துணிக்குள்ளே பஸ்ரியன் அழுதான். அதை யாரும் பதியவில்லை.